முன் சக்கரங்களின் சுவிட்ச்

விருத்தாசலம்
12 ஜூன் 2006

தம்பி கொளஞ்சிநாதனுக்கு,

நான் லாரி ஓட்டவில்லை. நல்லூரிலிருந்து உன் மைத்துனி வாசுகி, புனேயில் இருக்கும் உன் வீட்டுக்குப் போன் செய்து, "அம்புஜவல்லி அக்கா இந்த வயசுல லாரி ஓட்டுறாங்க" என்று சொன்னதாகவும், நீ அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டதாகவும் எனக்குச் செய்தி வந்தது. லாரியை ஓட்டியது டிரைவர் ராஜவேல். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து களிமண் குழிக்குள் இறங்கி ஏறினேன். ஜன்னலில் என் தலை தெரிந்திருக்கிறது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ஏன் இறங்கினேன் என்பதைச் சொல்கிறேன். போன நவம்பர் மழையில் அந்த ஏற்றப்பாதையின் நடுவில் வண்டி மண் பாரத்தோடு உட்கார்ந்துவிட்டது. பச்சமுத்துவின் டிராக்டரை வரவழைத்துக் கம்பிக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து, மண் வெட்டும் வேம்புவின் வலது காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்தது. புதுச்சேரியில் இரண்டு ஆபரேஷன். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். அன்றே குழியை மூடினேன். மண் இல்லாமல் நம் பீங்கான் இன்சுலேட்டர் யூனிட் பொங்கல்வரை மூடிக் கிடந்தது. பதினொரு பெண்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். நான்கு பேர்தான் திரும்பி வந்தார்கள்.

இந்த மழைக்கு யூனிட்டை மூட மாட்டேன். என் வண்டியில் இனி யாரும் கயிறு கட்டவும் மாட்டார்கள். இரண்டும் நடக்க வேண்டும்.

அது நீ ராணுவ ஏலத்தில் பார்த்து உன் அண்ணனுக்கு எடுத்துக் கொடுத்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் என்றாய். நான் பார்த்தவரை, சேற்றில் இருக்கும் சக்கரம் சும்மா சுற்றுகிறது, நல்ல தரையில் இருக்கும் சக்கரம் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது. பச்சமுத்து டிராக்டரில் காலால் ஒரு பெடலை மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. லாரிக்கும் அப்படி உண்டு, ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் வைக்க வேண்டும் என்கிறார்கள். வேப்பூர் மெக்கானிக் மாயவன், லாக்கர் எதற்கு, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நீ புனேயில் ஜீப்புகளுக்கு இதைத்தான் செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டுக்கும் எந்த வகை லாக்கர் வேண்டும் என்று எழுது.

அண்ணி,
அம்புஜவல்லி

*

புனே
24 ஜூன் 2006

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் துர்கா எழுந்து நின்றுவிட்டாள். மூன்று வருடம் கழித்து வரும் கடிதம். அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தில், யூனிட்டை மூடிவிட்டுச் சென்னையில் மகள் பிரபாவோடு போய் இருங்கள் என்று சொன்னேன். "அது உன் வேலை இல்லை" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். கையில் பிசைந்த சாதத்தோடு எழுந்து வந்தவன் நான். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். லாக்கர் எந்த வகை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, அதையே சொல்கிறேன்.

மாயவனை வெல்டிங் ராடோடு வண்டிப் பக்கம் விடாதீர்கள். ஒட்டிவிட்டால் சேற்றில் நன்றாகத்தான் இழுக்கும். தார் ரோட்டில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், அதற்கு வழி இருக்காது. டயர் தேயும், பிறகு ஒருநாள் ஆக்சில் தண்டு ஒடியும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. சுவிட்ச் கிடையாது, குழாய் கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்துகொள்ளும், வளைவில் தானாக விட்டுக்கொடுக்கும். கடகடவென்று சத்தம் போடும். எளிமையானது, ஆனால் எப்போது பூட்டும், எப்போது விடும் என்பது நம் கையில் இல்லை. ஈரத்தில் காலி வண்டி இறங்கும்போது அது பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கும். குழி ஓரத்தில் அது வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது காற்றில் பூட்டும் வகை. சின்ன கம்ப்ரசர், ஒரு குழாய், ஒரு சுவிட்ச். போட்டால் பூட்டும், அணைத்தால் சாதாரண வண்டி. இங்கே என் கூட்டாளியின் பட்டறையில் அந்த ஆக்சிலுக்குச் செய்ய முடியும்.

ஆனால் பின் ஆக்சிலுக்கு மட்டும். முன்னால் வேண்டாம். முன்சக்கரங்களைப் பூட்டினால் வண்டி திரும்பாது. ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் நேராகப் போகப் பார்க்கும்.

ஏன் கோடையிலேயே மண் எடுத்துச் சேர்த்து வைக்கக் கூடாது? பாதையின் சரிவு எவ்வளவு? அளந்து எழுதுங்கள்.

கொளஞ்சிநாதன்

*

விருத்தாசலம்
5 ஜூலை 2006

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? துர்காவின் முழங்கால் வலி எப்படி? இது முதலில் எழுதியிருக்க வேண்டிய வரி. இப்போது எழுதிவிட்டேன்.

கேள்விகளுக்குக் கேட்ட வரிசையில் பதில் சொல்ல வேண்டும் என்று புதுச்சேரி கான்வென்டில் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். சேர்த்து வைப்பது: கொட்டகை கொள்வது கார்த்திகை தொடங்கும்வரைக்கான மண். வெளியில் குவித்தால் மழை கரைத்து மணலோடு சேர்த்துவிடுகிறது. மணல் கலந்த மண்ணில் செய்த இன்சுலேட்டர் சூளையில் வெடிக்கும். மண் வியாபாரிகளோ மழைக்காலத்தில் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்தது போக மீதியைத்தான் நமக்குத் தருவார்கள்.

சரிவு: கொத்தனாரை வைத்து மட்டக்குழாய் பிடித்து அளந்தேன். பத்தடிக்கு இரண்டடி ஏறுகிறது. அடியிலிருந்து மேலே ஒற்றைப் பனைமரம்வரை பாதை நேராகப் போகிறது. பனைமரத்தில் இடப்பக்கம் திரும்புகிறது. பாதையின் இடப்பக்கம் மண்சுவர், வலப்பக்கம் குழி.

மழை வரட்டும் என்று காத்திருக்காமல், இரண்டு டேங்கர் தண்ணீர் ஊற்றி, அரை பாரம் ஏற்றி, மறுபடி ராஜவேலோடு வண்டியில் உட்கார்ந்தேன்.

"அம்மா, கெட்டியா புடிச்சிக்குங்க. இங்கதான் வண்டி ஒக்காரும்."

"எந்தச் சக்கரம்?"

"எனுக்கு எப்பிடிம்மா தெரியும்? நான் மேல இருக்கறேன், அது கீழ இருக்குது."

வண்டி உட்கார்ந்தது. நான் இறங்கிப் பார்த்தேன். முன்னால் வலது, பின்னால் வலது. இந்த இரண்டும் மட்டும்தான் பள்ளம் பறித்திருந்தன. இடது தடத்தில் சூளையின் உடைசல் கொட்டிக் கெட்டியாக இருக்கிறது, அங்கே சக்கரம் அசையவில்லை. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று சுழலும்போது, பின்னால் மட்டும் பூட்டினால் பாதி வேலைதானே? முன்னாலும் வேண்டும். காரணத்தோடு மறுத்தால் கேட்டுக்கொள்வேன். வேண்டாம் என்ற சொல் மட்டும் காரணம் ஆகாது.

வண்டி மறுநாள் தரை காய்ந்த பிறகுதான் ஏறியது. யாரும் கயிறு கட்டவில்லை.

அம்புஜவல்லி

*

புனே
22 ஜூலை 2006

அண்ணி,

நன்றாக இருக்கிறேன். துர்கா மாடிப்படி ஏறுவதில்லை, மற்றபடி நலம்.

உங்கள் கடிதத்தை என் கூட்டாளிக்கு மராத்தியில் சொன்னேன். இரண்டு டேங்கர் தண்ணீர் ஊற்றிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

ஆனால் அதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. இடது தடத்தில் உடைசல், வலது தடத்தில் வெறும் களிமண் என்கிறீர்கள். அப்படியா? முழுப் பாதைக்குமா?

அப்படியானால் இதைக் கவனியுங்கள். இன்று லாக்கர் இல்லாததால் வலது சக்கரம் சுழல்கிறது, வண்டி நிற்கிறது. நிற்பது ஆபத்தில்லை. லாக்கர் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். இடது சக்கரம் உடைசலில் பிடித்துத் தள்ளும், வலது வழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும்? வலப்பக்கம். வலப்பக்கம் குழி.

லாக்கர் வண்டியைக் காப்பாற்றுவதற்குப் பதிலாகக் குழிக்குள் தள்ளும். ஏன் ஒரு பக்கம் மட்டும் கொட்டியிருக்கிறார்கள்? அதைக் கேட்டு எழுதுங்கள். பிறகு ஆக்சில் அளவு கேட்பேன்.

கொளஞ்சிநாதன்

*

விருத்தாசலம்
3 ஆகஸ்ட் 2006

தம்பிக்கு,

நீ சொன்னது சரி. பாதை முழுவதும் அப்படித்தான். இத்தனை வருடம் தினமும் பார்த்த ஒன்று என் கண்ணில் படவில்லை.

காரணம் கேட்டாய். பனைமர வளைவில், குழி விளிம்பில் முனியப்பன் இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். வலது தடம் அவர் இறங்கிப் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வரும் தடமாம். அதில் உடைந்த பொருளைப் போடக் கூடாது. மண் வெட்டும் குடும்பங்களில் மூத்தவரான பஞ்சநாதனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சாமி தடத்துல ஒடஞ்சத போடுவாங்களாம்மா? நீங்க ஒடஞ்ச தட்டுல சோறு போட்டா நான் துண்ணுவனா?"

"கிராவல் போடலாமே?"

"போட்டாங்களே, பெரியவரு இருக்கறப்போ. ஒரு மழைதான். களி முழுங்கிடுச்சி. கனமான சாமானா இருந்தாத்தான் நிக்கும்."

எனக்கு முனியப்பனிடம் நம்பிக்கை உண்டா என்று நீ கேட்கலாம். இல்லை. ஆனால் குழிக்குள் இறங்கும் கால்கள் என்னுடையவை அல்ல, அவர்களுடையவை. அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் நான் கொட்டச் சொல்ல மாட்டேன். வேறு வழி பார்க்கிறேன்.

இப்போது இன்னொன்று. முப்பது வருடம் பட்டறையில் இருந்தவன், சரிவு, தடம், ஆக்சில் அளவு மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டிருப்பான். நீ ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி வீதம் கேட்கிறாய். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு வாரம். இப்படியே போனால் ஐப்பசி வந்துவிடும், மழை வந்துவிடும், கிழவி தானாக ஓய்ந்துவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை பிரபா போனில், "சித்தப்பாகூட வேணாம்னுதானேம்மா நெனைக்கிறாரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் உனக்கு எழுதுவது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆக்சில் அளவுகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. முன்னும் பின்னும். நீ கேட்பதற்கு முன்பே எடுத்துவிட்டேன்.

அம்புஜவல்லி

*

புனே
16 ஆகஸ்ட் 2006

அண்ணி,

பிரபா ஜூனிலேயே போன் செய்தாள். "சித்தப்பா, முடியாதுன்னு சொன்னா அம்மா இன்னும் பிடிவாதம் பிடிப்பாங்க. கொஞ்சம் இழுங்க, மழை வந்துட்டா விட்டுடுவாங்க" என்றாள். இழுத்தேன். அவள் அழுதாள், அதனால் இழுத்தேன் என்று சொல்லலாம். முழுக் காரணம் அது இல்லை.

ராணுவப் பட்டறையில், அருணாசலத்தில் இருந்தபோது எங்கள் கான்வாயில் ஒரு லாரிக்கு முன் ஆக்சிலில் லாக் இருந்தது. லீவர் டிரைவரின் முழங்கால் பக்கம். சேறு முடிந்து வளைவு வந்தது. டிரைவர் என் நண்பன், நல்ல கைகாரன். வண்டி திரும்பவில்லை. லீவரைத் தள்ளிவிட்டிருந்தால் போதும், ஒரு கை வேலை. அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒடித்துக்கொண்டே இருந்தான். பயத்தில் மனிதன் பிடித்ததை விடுவதில்லை. நான் பின்னால் அடுத்த வண்டியில் இருந்தேன். அவன் தோள் இரண்டும் எழும்பி நின்றதைப் பார்த்தேன். லீவரை அவன் தொடவே இல்லை. கீழே போய் அவனை எடுத்து வந்தவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் பாதையும் அதேதான். நேராக ஏற்றம், பிறகு வளைவு, பக்கத்தில் பள்ளம். அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். வேம்புவின் கால் உடைந்ததும் அந்த வண்டியால்தான். ராஜவேல் கையில் முன் லாக்கர் சுவிட்சைக் கொடுக்க என்னால் முடியாது.

நீங்கள் கேட்ட காரணம் இதுதான்.

பின் ஆக்சிலுக்குச் செய்து தருகிறேன், வேலையை ஆரம்பித்துவிட்டோம். ஆனால் இரண்டு தடமும் ஒரே மாதிரி ஆகும்வரை அதையும் அனுப்ப மாட்டேன். இது இழுப்பதற்காகச் சொல்லும் பேச்சு இல்லை.

கொளஞ்சிநாதன்

*

விருத்தாசலம்
10 செப்டம்பர் 2006

தம்பி,

காரணத்தைச் சொன்னாய். ஏற்றுக்கொள்கிறேன். உன் நண்பனுக்காக வருந்துகிறேன். பிரபாவோடு பேசிவிட்டேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

தடம் சரியாகிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், சொல்லும்போது எனக்குச் சுகமாக இல்லை.

கனமான சாமானாக இருந்தால் நிற்கும், உடைந்ததுதான் ஆகாது என்று பஞ்சநாதன் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். மறுபடி கூப்பிட்டேன்.

"உடையாததாக இருந்தால்?"

"ஒடையாததுன்னா?"

"முழு இன்சுலேட்டர். வளைந்தது, அளவு தப்பியது. ஆனால் ஒரு கீறல் இல்லாதது. அதைப் படுக்க வைத்துப் பதித்தால்?"

பஞ்சநாதன் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். "முழுசுன்னா... இதுவரிக்கும் யாரும் கேக்கலியேம்மா. முழுசா இருந்தா சாமிக்கு வெச்சது மாரிதானே. ஆனா நம்ம யூனிட்டுல முழுசா கழிவு எங்க இருக்குது?"

அங்கேதான் எனக்குக் குத்தியது. நம் யூனிட்டில் முழுக் கழிவு என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் அது என் சட்டம். சூளையிலிருந்து சரியில்லாமல் வருவதை அன்றைக்கே சுத்தியலால் உடைக்க வேண்டும். உன் அண்ணனின் "ப.நா." முத்திரை போட்ட இரண்டாம் தரச் சரக்கு ஒன்றுகூடக் கதவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாது, யாரும் பார்த்துவிடவும் கூடாது. முப்பது வருடமாக அந்தச் சுத்தியல் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

சுத்தியலை வாங்கி என் பீரோவில் வைத்துவிட்டேன்.

இரண்டு சூளைக் கழிவும் வண்டியில் ஏறிக் குழிக்குப் போனது. ஒவ்வொன்றாக நானே உருட்டிப் பார்த்துக் கீறல் உள்ளதை ஒதுக்கினேன். பஞ்சநாதனும் மற்றவர்களும் வலது தடத்தில் வரிசையாகப் புதைத்தார்கள். முத்திரை கீழே பார்க்கும்படி வைக்கச் சொன்னேன். "சக்கரம் ஏறினா எந்தப் பக்கம் இருந்தா என்னாம்மா" என்று ஒருவன் கேட்டான். எனக்கு இருக்கிறது, வை என்றேன்.

அடியிலிருந்து முக்கால் தூரம்வரை வந்தது, அதற்கு மேல் சரக்கு இல்லை. நம் சூளையில் அவ்வளவு கழிவு விழுவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய நேரம் இது இல்லை. மீதிக் கால் தூரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இடது தடத்து உடைசலையும் அள்ளச் சொல்லிவிட்டேன். அங்கே இரண்டு தடமும் வெறும் களிமண். நீ கேட்டது ஒரே மாதிரித் தடம். ஒரே மாதிரி இருக்கிறது.

அடுத்து முன் லாக்கர். டிரைவரின் கை ஸ்டீயரிங்கை விடாது என்கிறாய். விட வேண்டாம். முன் லாக்கரின் சுவிட்ச் டிரைவர் பக்கம் இருக்கக் கூடாது. இடப்பக்கம், அடுத்த இருக்கைக்கு முன்னால் இருக்கட்டும். அந்த இருக்கையில் நான் உட்காருவேன். பனைமரத்துக்கு இருபது அடி முன்னால், களி முடிந்து தரை கெட்டிப்படும் இடத்தில், ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். களி ஆரம்பிக்கும் இடத்தில் சுவிட்சைப் போடுவேன், வெள்ளைக் கல்லில் அணைப்பேன். எனக்குப் பிடிக்க ஸ்டீயரிங் இல்லை, பார்க்கக் கல் ஒன்றுதான்.

வண்டியில் இப்போதே ஒரு காலிங்பெல் சுவிட்சை வைத்துக் கட்டிப் பழகுகிறேன். "இத்த அமுக்குனா டீ வருமாம்மா" என்று ராஜவேல் கேட்கிறான். ஒவ்வொரு நடையிலும் கல்லில் தவறாமல் அணைக்கிறேன்.

இரண்டு லாக்கரையும் அனுப்பு.

அம்புஜவல்லி

*

புனே
24 செப்டம்பர் 2006

அண்ணி,

சுத்தியலைப் பீரோவில் வைத்துவிட்டீர்கள் என்று படித்தபோது, கடிதத்தைத் துர்காவிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அண்ணன் கேட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காத சட்டம் அது.

பின் லாக்கர், கம்ப்ரசர், குழாய் எல்லாம் பார்சல் லாரியில் போட்டாகிவிட்டது. எப்படிப் பொருத்த வேண்டும் என்று மாயவனுக்குத் தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் அவரை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பின் சுவிட்ச் டிரைவர் பக்கம்.

முன் லாக்கரும் செய்து முடித்துவிட்டோம். அது என் மேஜைமேல் இருக்கிறது, அங்கேயே இருக்கும். சுவிட்ச் யோசனை நல்ல யோசனை. ஆனால் அந்த இருக்கையில் நீங்கள் உட்கார வேண்டும் என்கிறீர்கள். உங்களை அதில் உட்கார வைக்கவா நான் இதைச் செய்தேன்? அண்ணன் இருந்தால் என்னைக் கேட்க மாட்டாரா?

பின் லாக்கர் மட்டும் போதும். போட்டுப் பாருங்கள்.

கொளஞ்சிநாதன்

*

விருத்தாசலம்
26 அக்டோபர் 2006

தம்பி கொளஞ்சிநாதனுக்கு,

போட்டுப் பார்த்துவிட்டேன்.

மாயவன் உன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு மூன்று நாளில் பொருத்தினார். வெல்டிங் ராடைத் தொடவில்லை. தீபாவளி முடிந்ததும் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, திங்கட்கிழமை காலை வெறித்தது. முழுப் பாரம் ஏற்றச் சொன்னேன். நான் ராஜவேல் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேம்பு கம்பை ஊன்றிக்கொண்டு மேலே பனைமரத்தடியில் வந்து நின்றான். நான் வரச் சொல்லவில்லை.

அடியிலிருந்து முக்கால் தூரம் வண்டி ஒரே சீராக ஏறியது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகத் தள்ளின. மூக்கு வலப்பக்கம் ஒரு சாண்கூடத் திரும்பவில்லை. போன வருடம் வேம்பு விழுந்த இடத்தைத் தாண்டினோம்.

பிறகு வெறும் களி. பின்னால் இரண்டும் சுற்றின. முன்னால் வலது மட்டும் சுற்றியது, இடது நின்றது. வண்டி நான்கு அடி போய் நின்றுவிட்டது. வெள்ளைக் கல் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கையில் டீ வராத சுவிட்ச்.

மேலே நின்றவர்களில் ஒருவன், "கவுறு எடுத்தாங்கடா, பச்சமுத்து டிராக்டர கூப்புடு" என்று கத்தினான்.

வேம்பு சொன்னான்: "கவுறு எங்க இருக்குது? அம்மா அத்த துண்டு துண்டா அறுத்து வேலி கட்டிட்டாங்க. போயி வேலிய அவுத்துக்கினு வா."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சக்கரங்களுக்குக் கல் வைத்து, மண்ணைக் கூடையில் இறக்கி, காலி வண்டியை ராஜவேல் பின்னாலேயே மெதுவாக அடிவரை கொண்டுபோனான். மறுபடி வானம் இருட்டியது. வண்டி இப்போது குழிக்குள்தான் இருக்கிறது, மேட்டுப் பக்கம் நிறுத்தி மேலே ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறோம். கொட்டகையில் இருக்கும் மண் இன்னும் மூன்று வாரம் வரும். திருப்பூர் ஏஜென்ட் நேற்று வந்து பெண்களிடம் பேசிவிட்டுப் போனான். மழை விட்டாலும் அந்தக் கால் தூரத்துக்கு முன் ஆக்சில் பூட்டினால்தான் வண்டி மேலே வரும். மாயவன் குழிக்கே இறங்கிவந்து பொருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உன் அண்ணன் இருந்தால் உன்னைக் கேட்க மாட்டாரா என்று எழுதியிருந்தாய். கேட்பார். பிறகு என்னைக் கேட்பார், நான் பதில் சொல்வேன், அவர் போய்த் தன் வேலையைப் பார்ப்பார். நாற்பது வருடம் அப்படித்தான் நடந்தது.

ராஜவேலின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். பஞ்சநாதனுக்கு ஒரு கண்ணில் புரை. வேம்புவுக்குக் கால் சரியில்லை. அந்த இருக்கையில் வேறு யாரை உட்கார வைக்க வேண்டும் என்று நினைக்கிறாயோ, பெயரைச் சொல். என்னைவிட ஒழுங்காக அந்தக் கல்லைப் பார்ப்பவர் யார் என்று சொல், எழுந்துவிடுகிறேன். செப்டம்பர் முதல் நடந்த எல்லா நடையிலும் ஒருமுறைகூடக் கல்லைத் தாண்டி என் விரல் அணைத்ததில்லை. பின் லாக்கர் ராஜவேலிடம், முன் லாக்கர் என்னிடம். அவன் கை ஸ்டீயரிங்கை விட வேண்டிய அவசியமே இல்லை. உன் நண்பனுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்று நீயும் யோசித்திருப்பாய்.

வாசுகியிடம், நான் லாரி ஓட்டவில்லை என்று இன்னொரு முறை சொல்லிவிடு. முன்சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டுமானால் சொல்.

உன் மேஜைமேல் இருப்பதை அனுப்புகிறாயா, இல்லையா? போனில் சொல்லாதே, பிரபா மூலமாகவும் சொல்லாதே. போனில் போனது நல்லூரைச் சுற்றி வேறு ஒன்றாக எனக்கு வந்து சேருகிறது. உன் கையால் ஒரு பதில் எழுதி அனுப்பு.

அண்ணி,
அம்புஜவல்லி